மூலக்குளத்துத் தண்ணீர்

1

நம் ஊர்க் கோயில் பங்கு மலருக்கு இத்தனை ஆண்டுகளாகப் பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். வில்லியனூர்ப் பக்கம் உட்கார்ந்து வாசிப்பவர்களுக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னார்கள். இம்முறை தண்ணீரைப் பற்றி எழுதுகிறேன். இது பிடிக்காமல் போகலாம்.

எங்கள் சமையலறை மேசையில் ஒரு வாரமாகக் காலி பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. வெள்ளைப் பாலிதீன் பாட்டில்கள், உள்ளே இருப்பது வெளியே தெரியாது. என் மகள் வயிற்றுப் பேத்தி கிளேர் அவற்றை அமிலத்தில் அலசிக் கவிழ்த்து உலரவைத்து, மூடிகளில் எண் எழுதிவைத்திருக்கிறாள். நான் அவற்றைத் தொடாமல் ஓர் ஓரத்தில் காப்பியை வைத்துக் குடிக்கிறேன்.

கிளேர் இங்கே பிரான்சில், துலூஸ் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கிறாள். நான் படித்த அதே துறை. மூடிப்போன பழைய தொழிற்சாலைகள் இருந்த இடங்களில் நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்பது அவளுடைய கடைசி ஆண்டு ஆய்வு. உலகத்தில் எந்த இடத்தை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். நம் ஊரை எடுத்தாள். காரணம், நூலகத்தில் என் ஆய்வேடு கிடைத்துவிட்டது.

"தாத்தா, உன் புக்கு பாத்தேன். அட்டை கிழிஞ்சிருக்கு. ஆனா எல்லா நம்பரும் இருக்கு" என்றாள். அவளுடைய தமிழ், அம்மாவிடம் பாதியும், தொலைபேசியில் என் அக்காவிடம் பாதியுமாகக் கற்றது. "உன் காலத்துல தண்ணி நல்லா இருந்துச்சு. அதான் எனக்கு ஆரம்பம். இப்ப கெட்டிருந்தா, அது கம்பெனி போனப்பறம் கெட்டது. கம்பெனி மேல தப்பு இல்ல. அப்டிதான் எழுதப்போறேன்."

"இன்னும் எழுதாதே" என்றேன்.

"ஏன்?"

"சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்."

சாப்பிட்டோம். பேசவில்லை. வியாழக்கிழமை அவளுக்கு விமானம். நம் ஊரில் என் அக்கா பிலோமினா வீட்டில்தான் தங்கப்போகிறாள். அவள் ஏறுவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வேட்டில் இருக்கும் எண்கள் நம் ஊர்த் தண்ணீரின் எண்கள் அல்ல. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

2

எண்பதுகளின் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் என்றால் என்னவென்று சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. பாண்டிச்சேரியில் வேதியியல் பட்டம் வாங்கிவிட்டு, உதவித்தொகை கிடைத்து, பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற சொல்தா சித்தப்பா ஒருவர் துலூஸில் இருந்த தைரியத்தில் கிளம்பினேன். ஊரில் கேட்டார்கள்.

"இன்னா படிக்கப் போற?"

"காத்து, தண்ணி, மண்ணு, இதெல்லாம் எப்படிக் கெடுது, எப்படிக் காப்பாத்துறதுன்னு."

"அப்ப முனிசிபாலிட்டி வேலைக்கா? அதுக்கு ஏன்டா பிரான்சு? வில்லியனூர்லயே நெறய குப்ப கெடக்குதே."

துலூஸிலும் அந்தத் துறைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. வேதியியல்காரர்களின் பின்பக்க அறைகளில் எங்களை வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் மண்ணியல், அடுத்த மணி நேரம் சட்டம், அதற்கடுத்து பாசிகள். இன்றைக்கு நீடித்த வளர்ச்சி என்று பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தச் சொல் அப்போது எங்கள் வகுப்பில் கிடையாது. எங்கள் பேராசிரியர் அதை வேறு மாதிரிச் சொல்வார். நீ குடித்த பிறகு அடுத்தவன் அதே கிணற்றில் குடிக்க முடியுமா, அதைச் சொல், அது போதும் என்பார். வெடவெடவென்று ஒல்லியான மனிதர். சைக்கிளில் வருவார். பொய் சொல்லத் தெரியாதவர்.

ஆய்வுக்கு நான் நம் ஊரை எடுத்தேன். எடுக்கச் சொன்னவர் என் அக்காவின் கணவர் அந்தோணி மாமா.

ஊருக்கு மேற்கே, வாய்க்காலை ஒட்டி, சைக்கிள் உதிரிகளுக்குக் குரோமிய முலாம் பூசும் கம்பெனி ஒன்று வந்திருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. அது வந்த இரண்டாம் மழைக்குப் பிறகு மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக ஆரம்பித்தது. வாளியில் பார்த்தால் தெரியாது. வெள்ளைப் பீங்கானில் ஊற்றினால் தெரியும். அக்காவின் விரலிடுக்குகளில் ஆறாத புண்கள் வந்தன. கம்பெனிக்காரர்கள் சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள்.

மாமா ஊராட்சி அலுவலகமான கொம்யூன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். படிக்காதவர் இல்லை, கோயில் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். ஆனால் அங்கே இருந்தவர் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார்: "மஞ்சளா இருக்குதுன்னு நீ சொல்ற. யாரு டெஸ்ட் பண்ணா?"

"என் மச்சான் பண்ணுவான். பிரான்சுல அதுக்கேதான் படிக்கிறான்" என்று மாமா சொல்லிவிட்டு வந்தார். என்னிடம் ஒரே வாக்கியத்தில் கேட்டார்: "மச்சான், உன் பேப்பர் ஒன்னு வந்தா போதும். அவன் வாய அடைச்சுடுவேன்."

3

அந்தக் கோடை விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன். கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தவரிடம் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் வாங்கி, சொட்டுக் குப்பியில் வைத்துக்கொண்டேன். தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எடுத்த இடத்திலேயே சில சொட்டு அமிலம் விட வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். அமிலம் விட்ட தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தால் சிவக்கும். இந்த ஒரு விவரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா வீட்டுக் கிணறு, பக்கத்துக் களத்துக் கிணறு, வாய்க்கால், கோயில் கிணறு என்று சுற்றிச் சுற்றி எடுத்தேன். ஒவ்வொன்றிலும் அமிலம் விட்டு, மூடி, பெயர் எழுதி, பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் அடுக்கி, அக்காவின் சமையலறைப் பரணில் வைத்தேன். அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு பாப்பாங்க?"

"எங்க வாத்தியாரு."

"அந்த வெள்ளக்காரரா?"

"ஆமா."

"இத வச்சுதான் உனக்கு மார்க்கா?"

"இத வச்சுதான்."

அக்கா புண் வந்த விரல்களைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். நான் நெட்டப்பாக்கத்தில் ஒரு நண்பனைப் பார்க்கப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன்.

புறப்படும் நாளில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தபோது அக்கா சொன்னாள்: "பாட்டில எல்லாம் நல்லா கழுவி வச்சிருக்கேன். ஒன்னும் கவலப்படாத."

வெளிப்புறத் தூசியைத் துடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நம் பக்கத்தில் யாரும் ஊர்விட்டுப் போகிறவர் கையில் அழுக்கான ஒன்றைக் கொடுத்தனுப்ப மாட்டார்கள். பிரான்சுக்குப் போகிற ஊறுகாய் ஜாடி, மாதா படம், மிளகாய்த் தூள் பொட்டலம் எதுவானாலும் துடைத்து, புதுத் துணியில் கட்டித்தான் தருவார்கள். "சரிக்கா" என்றேன். பேருந்து ஏறினேன்.

4

துலூஸில் முதல் பாட்டிலைத் திறந்து தாளை நனைத்தேன். சிவக்க வேண்டிய தாள் பச்சையாயிற்று.

தாள் பழையதாக இருக்கும் என்று வேறு கட்டிலிருந்து எடுத்தேன். பச்சை. இரண்டாவது பாட்டில், மூன்றாவது பாட்டில், எல்லாம் பச்சை. கருவியில் கொடுத்துப் பார்த்தபோது கிணறும் வாய்க்காலும் கோயிலும் ஒரே தண்ணீராக இருந்தன. உப்பும் ஒரே அளவு, கடினத்தன்மையும் ஒரே அளவு. குரோமியம் இல்லவே இல்லை. தெளிந்த, இனிப்பான, குடிக்க மிக நல்ல தண்ணீர்.

அக்கா சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. கழுவியிருக்கிறாள். உள்ளே கழுவி, வேறு தண்ணீர் நிரப்பியிருக்கிறாள்.

நான் அன்று மாலையே பேராசிரியரிடம் போயிருக்க வேண்டும். மாதிரி மாறிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவர் திட்டியிருக்க மாட்டார். ஓர் ஆண்டு தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான்.

அந்த ஓர் ஆண்டுதான் என்னிடம் இல்லை. பாண்டிச்சேரி இந்தியாவோடு சேர்ந்தபோது எங்கள் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டாம் என்று இருந்துவிட்டவர். அதை வைத்துக்கொண்ட சித்தப்பா குடும்பம் நிம்மதியாக இருந்தது. நான் மட்டும் ஒவ்வோர் ஆண்டும் பிரெஃபெக்த்யூர் அலுவலகத்தில் வரிசையில் நின்று வதிவிட அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண்மணி. பள்ளியில் கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சில் நான் பேசத் தொடங்கினால் பக்கத்து மேசையைப் பார்த்துச் சிரிப்பார். ஒரு முறை, என் படிப்பு தொடரும் என்று சொல்ல நினைத்து, என் படிப்பு முடிவதே இல்லை என்று சொல்லிவிட்டேன். "அது தெரிகிறது" என்றார். தேர்ச்சிச் சான்று இல்லாமல் இன்னொரு முறை வந்தால் புதுப்பிக்க முடியாது என்று அட்டையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார்.

பாட்டில்களைத் திறந்த வாரத்திலேயே அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அல்ஜீரியர் ஒருவர் கண்ணாடி முன் போய், ஒரு நிமிடத்தில் திரும்பி, என்னைக் கடந்து வெளியே போனார். அவர் கையில் தொப்பி இருந்தது. அதைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். வெளியே மழை. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நான் முடிவு செய்தேன்.

மாதிரி எடுத்த இடங்கள் என்று நம் கிணறுகளின் பெயரை எழுதினேன். எதிரே அந்த எண்களை எழுதினேன். அமிலத்தன்மைக்கான கட்டத்தில், பார்க்காத ஓர் எண்ணை, இருந்திருக்க வேண்டிய எண்ணை எழுதினேன். எல்லாக் கிணறும் ஒன்றுபோல் இருந்தால் சந்தேகம் வரும் என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொஞ்சம் மாற்றினேன். இதை அக்காவின் தவறு என்று யாரும் சொல்ல முடியாது. முடிவுரையில் எழுதினேன்: ஆய்வுப் பகுதியின் நிலத்தடி நீரில் தொழிற்சாலைக் கழிவின் தடயம் இல்லை.

தேர்ச்சி பெற்றேன்.

5

அதோடு போயிருந்தால் அது என் நெஞ்சுக்குள் கிடந்திருக்கும். பேராசிரியருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த ஊரிலிருந்து மண்ணோ நீரோ எடுக்கிறோமோ அந்த ஊர் அலுவலகத்துக்கு முடிவு போய்ச் சேர வேண்டும். நாம் எடுத்ததை அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பார். முடிவுரையை முத்திரையிட்டு அவரே அனுப்பினார். எனக்கு ஒரு கையெழுத்துதான் வேலை. போட்டேன்.

இரண்டாண்டு கழித்து என் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தேன். அதற்குள் எனக்கு இங்கே நகரக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை கிடைத்திருந்தது. மாமா பேருந்து நிலையத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். மெலிந்திருந்தார். நடந்து வரும்போதுதான் சொன்னார்.

"உன் பேப்பர் வந்துச்சு மச்சான். அந்த ஆளு எடுத்து எம் மூஞ்சிக்கு நேரா புடிச்சான். 'பிரான்சு மச்சான் பிரான்சு மச்சான்னியே, இந்தா உன் பிரான்சு மச்சானே எழுதிக் குடுத்துட்டாரு, தண்ணி ஜோரா இருக்குதாம்'னான். ஆபீசே சிரிச்சுது."



"உன்ன ஒன்னும் சொல்லல. மிஷினு பொய் சொல்லுமா? என் கண்ணுதான் மஞ்சளா பாக்குது போல" என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் சொல்லியிருக்கலாம். தெருவில் இரண்டு பேர் மட்டும்தான் நடந்துகொண்டிருந்தோம். "வெயில் அதிகம்" என்றேன்.

மறுநாள் அடுப்பருகே அக்கா பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். மாமா வெளியே பந்தல்காரர்களோடு நின்றார். அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, பெரிய ரகசியம்போல் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒன்னு சொல்றேன், திட்டக்கூடாது. அந்த பாட்டில்ல இருந்தத நான்தான்டா கொட்டிட்டேன். தொறந்து பாத்தா மஞ்சக் காமால மாதிரி இருக்குது. இதக் கொண்டுபோயி வாத்தியார்கிட்ட நீட்டுனா அவரு இன்னா நெனப்பாரு? ஊரு தண்ணி நாறுதுன்னு மார்க்க கொறச்சுட்டா? அதான் கொடத்த எடுத்துகினு மூலக்குளம் போயி பம்புசெட்டு தண்ணி புடிச்சாந்தேன். கல்யாணத்துக்கெல்லாம் அங்கதான் புடிப்பாங்க, கல்கண்டு மாதிரி இருக்கும். பஸ்ஸுல மடிமேலயே வச்சுகினு வந்தேன். கண்டக்டரு ரெண்டு டிக்கெட்டு போடட்டான்னு கேக்குறான். பாட்டில ஒவ்வொன்னா வெந்நீர்ல கழுவி, நெரப்பி, கோயில் சாமியார்கிட்ட காட்டி மந்திரிச்சுகூட வாங்கிட்டேன். பாத்தியா, பாஸாயிட்ட."

நான் முதன்முதலாகப் பிரான்சுக்குப் புறப்பட்டபோது நல்ல சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாளே, அதே மனதோடுதான் அவள் அதைச் செய்திருந்தாள். கையில் பழைய புண் தழும்பும் அதன்மேல் புதுப் புண்ணும் இருந்தன. எண்ணெய் தெறித்தபோது அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

நான் சிரித்தேன். பிறகு சொன்னேன்: "மாமாகிட்ட இத சொல்லாதக்கா."

"ஏன்டா?"

"சும்மாதான். சொல்லாத."

"சரி" என்றாள். சொன்ன வாக்கைக் காப்பாற்றினாள்.

அந்தக் கம்பெனி அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. பிறகு முதலாளிகளுக்குள் ஏதோ தகராறு, மூடிவிட்டார்கள். மாமா அதற்கு முன்பே இறந்துவிட்டார். சிறுநீரகம் என்றார்கள். அந்தத் தண்ணீர்தான் அவரைக் கொன்றது என்று நான் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஓர் ஆய்வு நடந்திருக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவன் நான்தான்.

6

இங்கே என் வாழ்க்கை தண்ணீரிலேயே போயிற்று. ஓய்வுபெறும் வரை இந்த நகரம் குடிக்கும் நீரைச் சோதித்துக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு முறைகூடத் தவறவில்லை. சந்தேகம் வந்தால் மறுபடி எடுக்கச் சொல்வேன். உடன் வேலை செய்தவர்கள் என்னைப் பிடிவாதக்காரன் என்பார்கள். இந்த நேர்மையை நினைத்து ஒரு காலத்தில் ஆறுதல்பட்டேன். இப்போது அது இன்னும் மோசமாகத் தெரிகிறது. துலூஸ்காரர்களுக்குக் கொடுக்க முடிந்ததை மாமாவுக்குக் கொடுக்கவில்லை.

பிள்ளைகளை ஊருக்கு அதிகம் அழைத்துவரவில்லை. விடுமுறைக்கு ஸ்பெயின் போனோம். டிக்கெட் விலை என்று என் மனைவியிடம் சொன்னேன். உண்மையில் அந்த வீட்டில் ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தால் அதை வாங்கிக் குடிக்க எனக்குத் துணிவு இல்லை. பிள்ளைகளின் தமிழ் அப்படித்தான் தேய்ந்தது. மகன் இப்போது என்னிடம் பிரெஞ்சில்தான் பேசுகிறான். நான் சில வேளை தமிழில் பதில் சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்ப்பேன். பொறுமையாகக் காத்திருப்பான், கடையில் முதியவர் சில்லறை தேடும்போது காத்திருப்பது போல. ஊரிலிருந்து அவர்களை விலக்கியது இந்த நாடு என்று முன்பு இதே மலரில் எழுதியிருக்கிறேன். அது உண்மை இல்லை.

கிளேர் ஒருத்திதான் தானாகத் திரும்பிப் போகிறாள். அவளும் என் பொய்யைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.

7

ஞாயிறு பூசை முடிந்து வந்து சொல்லிவிட்டேன். அவள் பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில் சொன்னேன், தமிழில் சொன்னால் அவளுக்குப் பாதிதான் புரியும், நான் அந்தப் பாதியில் ஒளிந்துகொள்வேன் என்று பயந்தேன். தாள் பச்சையானது முதல் அடுப்பருகே நான் சிரித்தது வரை சொன்னேன்.

கேட்டுக்கொண்டே அவள் கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தாள், திருகி மூடினாள். முடிந்ததும் தமிழில் பேசினாள். ஏன் என்று தெரியவில்லை.

"உன் நம்பர நான் எடுத்துடணும் தாத்தா."

"எடு."

"சும்மா எடுக்க முடியாது. ஏன் எடுத்தேன்னு எழுதணும்."

"எழுது."

"உன் பேரு வரும். அந்த வாத்தியார் பேரு வரும்."

"அவருக்குத் தெரியாது என்பதையும் எழுது. அவர் செத்துப்போய்விட்டார். அவருக்குத் தெரியாது."

தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: "பெரிய ஆயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தன்னால்தான் நான் பாஸானேன் என்று இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்."

கிளேர் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் மகளின் கண் அவளுக்கு. "நான் அவங்க வூட்ல ரெண்டு வாரம் சாப்பிடணும். நீ சொல்லலேன்னா நான் சொல்லணும். இல்லாட்டி நானும் உன்ன மாதிரி சிரிக்கணும். என்னால முடியாது."

தொலைபேசியை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போனாள்.

8

ஊரில் அப்போது பிற்பகல். அக்காதான் எடுத்தாள்.

"யாரு, தம்பியா? இன்னாடா, கிளாரா வரது உறுதிதானே? அவளுக்கு மீனு ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். அக்கா, அவ அங்க வந்து பாட்டில்ல தண்ணி புடிப்பா. நீ அதத் தொடக்கூடாது."

சிரித்தாள். "இன்னும் நீ அத மறக்கலையா? மூலக்குளத்துல ஏதுடா பம்புசெட்டு இப்ப. வூட்டு மேல வூடு, கடை மேல கடை. நான் நெனச்சாலும் மாத்த முடியாது."

"சிரிக்காதக்கா. நான் சொல்றத கேளு. அன்னிக்கி நீ மாத்தி வச்ச தண்ணிதான் நம்ம கெணத்துத் தண்ணின்னு நான் எழுதுனேன். அந்தப் பேப்பரதான் கொம்யூன்ல மாமா மூஞ்சிக்கு நேரா காட்டுனாங்க."

அந்தப் பக்கம் ஒரு பைக் தெருவில் போவது கேட்டது. அது தேய்ந்து மறைந்தது.

"அப்ப நான் மாத்துனதாலதான் அவர..."

"இல்ல. நீ மாத்துனது இங்க வந்து தொறந்த ஒடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

"ஒடனேவா?"

"ஒடனே."

"கல்யாணத்துக்கு வந்தப்ப தெரியும்?"

"தெரியும்."

"அடுப்பாண்ட ஒக்காந்து நான் சொன்னப்ப சிரிச்சியே."

"ஆமா."

"அவர்கிட்ட சொல்லாதன்ன. பஸ்ஸுல தனியா போனதுக்கு அவரு திட்டுவாருன்னு, எனக்காவ நீ சொல்றன்னு நெனச்சேன்டா."



"உனக்கு ஒன்னு தெரியுமா" என்று அவளே தொடர்ந்தாள். குரல் உயரவில்லை, யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வது போல் இருந்தது. "அந்தப் பேப்பர் வந்தப்பறம் அவரு பாண்டி பெரியாஸ்பத்திரிக்கு போயி கண்ணு பாத்துகினு வந்தாரு. எம்மச்சான் பொய் எழுத மாட்டான், என் கண்ணுலதான் கோளாறுன்னு. கண்ணாடி குடுத்தாங்க. அத மாட்டிகினு நேரா கெணத்தாண்ட போயி எட்டிப் பாத்தாரு. அப்பறம் கண்ணாடிய கழட்டி பையில வச்சுகினு வந்துட்டாரு. ஒன்னும் சொல்லல. நானும் கேக்கல."

"அக்கா."

"அவள அனுப்பு. அவ எங்கூட இருக்கட்டும். நீ இப்ப வராத தம்பி."

வைத்துவிட்டாள்.

9

கிளேர் போய்விட்டாள். அவள் இங்கே இருக்கும்போதே எழுதத் தொடங்கிய இதை, அவள் ஊரில் இறங்கிய பிறகுதான் முடித்து அனுப்புகிறேன். அக்காவுக்கு முன்னால் உங்களுக்குச் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்காது. கொம்யூன் ஆபீசில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறதோ இல்லையோ, அதில் என் கையெழுத்துக்கு மேல் உள்ள எதுவும் உண்மை இல்லை. மாமாவின் கண்ணில் கோளாறு இருந்ததில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

நேற்றுக் காலை கிளேர் கூப்பிட்டாள். கிணற்றடியில் நின்றாள். பல ஆண்டுகளாக மூடிக்கிடந்த சிமெண்டுப் பலகையைப் பக்கத்து வீட்டு ஆட்கள் நகர்த்தியிருந்தார்கள். கைப்பேசியை ஒரு கல்மேல் வைத்துவிட்டு வேலை பார்த்தாள்; எனக்கு வானமும் ஒரு முருங்கைக் கிளையும் மட்டும் தெரிந்தன. அக்காவின் குரல் கேட்டது.

"மேல மேல மொள்ளாதடி. மழத்தண்ணி, தெளிஞ்சிருக்கும். கயித்த வுடு. இன்னும் வுடு. அடில போவட்டும்."

"எல்லா ஆழத்துலயும் எடுக்கணும் பெரிய ஆயா. மேல ஒன்னு, நடுல ஒன்னு."

"எடு, எடு. ஆனா அடித்தண்ணி இல்லாம போவக்கூடாது. நான் இங்கியே நிக்கிறேன், எவனும் கிட்ட வரமாட்டான். நீ சொன்ன ஆசிட்டு மருந்து வுட்டியா? அந்தத் தாள நனைச்சுப் பாரு. எனக்குக் காட்டு."

தாளைக் கட்டிலிருந்து கிழிக்கும் சத்தம் கேட்டது.

"செவப்பாயிடுச்சு" என்றாள் அக்கா.

"அக்காகிட்ட குடு கிளேர்" என்றேன். அவள் கைப்பேசியை எடுத்துத் திரும்பி ஏதோ கேட்டாள். மறுபடி என் பக்கம் குனிந்தாள்.

"கை ஈரமா இருக்காம் தாத்தா. அப்புறம் பார்க்கலாமாம்."

வாளி மறுபடி உள்ளே இறங்கும் சத்தம் கேட்டது.